கரி அள்ளிய பாடகன்

1987இல் அலெக்சி உச்சிடெல் என்ற இயக்குநர் லெனின்கிராட் நகரத்து ராக் இசைக்காரர்களைப் பற்றி 'ராக்' என்ற பெயரிலேயே ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதில் விக்டர் சோய் மேடையில் மட்டும் காட்டப்படவில்லை. நிலவறை ஒன்றில் நின்று கரியை வாரிக் கொதிகலனுக்குள் எறிந்துகொண்டிருக்கிறார். படத்துக்காகப் போட்ட வேடம் அல்ல அது. சோவியத் ஒன்றியத்தின் பல நகரங்களில் இளைஞர்கள் அவர் குரலை டேப்பிலிருந்து டேப்புக்குப் படியெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அரசாங்கத்தின் கணக்கில் அவர் ஒரு கொதிகலன் தொழிலாளி. பிளோகின் தெரு 15ஆம் எண் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த அந்த அறைக்கு அங்கே வேலைபார்த்தவர்கள் 'கம்சாத்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சோயைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இதை ஓர் அவலமாகச் சொல்வார்கள்: மேதையை அடையாளம் காணாத அரசு அவரைக் கரி அள்ள வைத்தது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நிலவறைதான் அவருடைய இசைக்கு வாடகையில்லாத வீடாக இருந்தது. எந்த மாற்றத்தைக் கேட்டுப் பாடினார் என்று உலகம் அவரைக் கொண்டாடுகிறதோ, அதே மாற்றம் வந்தபோது முதலில் காணாமல்போனவற்றில் அப்படிப்பட்ட அறைகளும் உண்டு.

சோவியத் நாட்டில் வேலையில்லாமல் இருப்பது குற்றம். 1961இன் 'சமூக ஒட்டுண்ணி' ஆணையின்கீழ்தான் 1964இல் கவிஞர் யோசிப் பிராட்ஸ்கி விசாரிக்கப்பட்டு, ஐந்தாண்டுக் கட்டாய உழைப்புக்கு வடக்கே அனுப்பப்பட்டார். அடுத்த தலைமுறை இந்தச் சட்டத்தோடு மோதவில்லை. அதற்குள்ளேயே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டது. இரவுக் காவலாளி, தெருக்கூட்டுபவர், கொதிகலன் பார்ப்பவர் ஆகிய வேலைகளில் சம்பளம் சொற்பம், ஆனால் ஒரு முறைப்பணி முடிந்தால் நாள்கணக்கில் ஓய்வு. மேலதிகாரி எட்டிப்பார்ப்பதில்லை. கட்சிக் கூட்டத்துக்கு யாரும் அழைப்பதில்லை. அக்வேரியம் குழுவின் பாரிஸ் கிரெபென்ஷிகோவ் தன் தலைமுறையைத் தெருக்கூட்டுபவர்களும் காவலாளிகளுமான தலைமுறை என்று ஒரு பாட்டிலேயே குறித்துவைத்தார்.

மானுடவியலாளர் அலெக்சி யுர்சாக் 2005இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் இந்த வாழ்முறையை விரிவாக ஆராய்கிறார். அவரே லெனின்கிராடில் 'ஆவியா' என்ற ராக் குழுவுக்கு மேலாளராக இருந்தவர். இந்த இளைஞர்கள் அரசை எதிர்த்தவர்களும் இல்லை, ஆதரித்தவர்களும் இல்லை என்பது அவர் வாதம். அரசுக்குள் இருந்துகொண்டே அதன் பேச்சுக்கு வெளியே வாழ்ந்தார்கள். எதிர்ப்பாளன் அரசின் சொற்களைப் பொருட்படுத்திப் பதில் சொல்கிறான். இவர்களோ அவற்றைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்த அலட்சியத்துக்கான பொருளாதாரத்தை அரசே கொடுத்தது என்பதுதான் விசித்திரம்.

சென்னையிலிருந்து வெளிவந்த 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாளில் நம்மவர்கள் பார்த்த ரஷ்யாவில் டிராக்டர்கள் இருந்தன, விண்வெளி வீரர்கள் இருந்தார்கள், பாலே இருந்தது. இந்த நிலவறைக்காரர்கள் அங்கே இல்லை.

*

விக்டர் சோய் 1962 ஜூன் 21 அன்று லெனின்கிராடில் பிறந்தார். தாய் வாலென்டினா, ரஷ்யர், உடற்பயிற்சி ஆசிரியை. தந்தை ராபர்ட், கொரிய வம்சாவளிப் பொறியாளர். கொரியாவில் சோ என்றும் சோயி என்றும் ஒலிக்கும் குடும்பப்பெயர்தான் ரஷ்ய எழுத்தில் சோய் ஆனது. ராபர்ட் 1938இல் கசாக்ஸ்தானின் கிசில்ஒர்தா நகரில் பிறந்தவர். அந்த ஆண்டும் இடமும் தற்செயலானவை அல்ல. 1937இல் ஸ்டாலின் அரசு, ஜப்பானுக்கு உளவு பார்ப்பார்கள் என்ற சந்தேகத்தின் பேரில், தூரகிழக்கில் வாழ்ந்த ஏறத்தாழ 1,72,000 கொரியர்களை ரயிலேற்றி மத்திய ஆசியாவின் வறண்ட நிலங்களில் இறக்கிவிட்டது. சோய் பாட்டுகள் இந்தக் கதையை வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஆனால் ஒரு ரஷ்யத் தலைமுறை தன் நாயகனாக ஏற்றுக்கொண்ட முகம் அந்த ரயிலில் வந்த ஒரு குடும்பத்தின் முகம்.

படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. செரோவ் ஓவியப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார். பிறகு தொழிற்பள்ளி ஒன்றில் மரச்செதுக்கு வேலை கற்றார். வரைவதை அவர் கடைசிவரை விடவில்லை. திமூர் நோவிகோவின் 'புதிய கலைஞர்கள்' வட்டத்தில் அவரும் ஒருவர். ஜப்பானிய நெட்சுகே பாணியில் சிறு மரச்சிற்பங்கள் செதுக்கிய கைகள் அவை. பாட்டு எழுதும்போதும் அதே பழக்கம்தான்: தேவையற்றதைச் சீவித் தள்ளிக்கொண்டே போவது.

1981இல் அலெக்சி ரீபின், ஒலெக் வாலின்ஸ்கி ஆகியோருடன் 'காரினும் ஹைபர்போலாய்டுகளும்' என்ற குழு தொடங்கியது. வாலின்ஸ்கி ராணுவத்துக்குப் போய்விட, மீந்த இருவரும் 'கினோ' ஆனார்கள். ரஷ்ய மொழியில் அதற்குச் சினிமா என்று பொருள்.

அதே ஆண்டு மார்ச் 7 அன்று ரூபின்ஸ்டைன் தெரு 13இல் லெனின்கிராட் ராக் கிளப் திறக்கப்பட்டிருந்தது. ஒரு சிறு அரங்கம். கேஜிபியின் கண்பார்வையில்தான் அது நடந்தது. அது அங்கே எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பாட்டு வரிகளைத் தணிக்கைக்குக் கொடுத்து முத்திரை வாங்கிய பிறகே மேடையேற முடியும். பாடியதற்குக் காசு கிடையாது. பார்வையாளர்கள் இருக்கையை விட்டு எழுந்து ஆடக்கூடாது. ராக் இசைக்குக் கூண்டு கட்டுவதாக அதிகாரிகள் நினைத்திருக்கலாம். இசைக்காரர்களோ, மழைக்கு ஒதுங்கக் கூரை கிடைத்தது என்று உள்ளே போனார்கள்.

கினோவின் முதல் ஆல்பமான '45' 1982இல் பதிவானது. மொத்த நீளம் 45 நிமிடம் என்பதால் அந்தப் பெயர். பதிவுசெய்தவர் அந்திரே திரொபில்லோ. இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ரஷ்ய ராக் வரலாற்றில் இவர் இல்லாவிட்டால் கேட்பதற்கே பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஒஹ்தா பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கான இளம் தொழில்நுட்பர் இல்லத்தில் ஒலிப்பதிவுக் கலை சொல்லிக்கொடுக்கும் பணி அவருக்கு. பிள்ளைகளுக்கான கூடம் என்ற பெயரில் அரசிடமிருந்து இடம் பெற்றார். அரசு இசைத்தட்டு நிறுவனமான மெலோதியாவிலிருந்து கருவிகளை இரவல் வாங்கினார். அரசு அனுமதிக்காத இசையை அந்தக் கூடத்தில் பதிவுசெய்தார். மூல டேப்பிலிருந்து சில படிகள், அவற்றிலிருந்து வேறு படிகள் என்று இசை நாடெங்கும் போனது. ஒவ்வொரு படியிலும் இரைச்சல் கூடியது. சைபீரியாவில் முதன்முறை கினோவைக் கேட்டவர் அந்த இரைச்சலையும் சேர்த்தே கேட்டார்.

ஆக, அந்த உலகத்தை 'தலைமறைவு' என்று சொல்வது பாதி உண்மைதான். ஒலிப்பதிவுக் கூடம் அரசுடையது, மேடை அரசுடையது, கொதிகலன் அறையும் அரசுடையது. அரசின் வீட்டு அடித்தளத்தில், அதன் வெப்பத்திலேயே குளிர்காய்ந்துகொண்டு உருவான கலை இது.

*

1977ஐ ஒட்டி பிரிட்டனில் வெடித்த பங்க் இசையின் கூச்சல் அடங்கியதும், அதன் எளிமையை வைத்துக்கொண்டு கோபத்தை மட்டும் உறையவைத்த ஓர் இசை எழுந்தது. போஸ்ட்-பங்க் என்று அதற்குப் பெயர். பின்னணியில் கிடந்த பேஸ் கிட்டார் முன்னுக்கு வந்து மெட்டையே சுமந்தது; கிட்டார் மெலிந்து தூரத்துக்குப் போனது; தாளம் இயந்திரம்போல நின்று அடித்தது. பாடுபவர் உருகமாட்டார், தகவல் சொல்வதுபோலப் பாடுவார். மான்செஸ்டரின் ஜாய் டிவிஷன் குழுவில் இயன் கர்டிஸ் 1980இல் 23 வயதில் இறப்பதற்குள் அந்தப் பாடும் முறைக்கு இலக்கணம் எழுதிவிட்டிருந்தார். த க்யூர், த ஸ்மித்ஸ் போன்ற குழுக்களின் இசைத்தட்டுகள் துறைமுக நகரமான லெனின்கிராடுக்குக் கள்ளச்சந்தை வழியாக வந்துகொண்டிருந்தன.

'45' இன்னும் முழுக்க அந்த ஓசை அல்ல. சோயின் பன்னிரு தந்தி அக்கூஸ்டிக் கிட்டார், அக்வேரியம் குழுவினரின் செல்லோ, புல்லாங்குழல், டிரம்மர் இல்லாததால் ஒரு டிரம் மெஷின் என்று ஒட்டுப்போட்ட ஆல்பம் அது. பாட்டுகள் இருபது வயதுப் பையனின் நகரத்தைச் சுற்றுகின்றன: புறநகர் மின்ரயில், வேலைவெட்டியில்லாமல் அலைவது, எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அலுமினிய வெள்ளரிக்காய்கள் என்றொரு அர்த்தமற்ற கற்பனை. இந்தச் சில்லறைப் பொருள்களின் மீது அவருக்கு இருந்த கூர்மை பிற்காலப் பாட்டுகளில் இல்லை. பிற்காலத்தில் சூரியனும் நட்சத்திரமும் போரும் மரணமும் வந்துவிடுகின்றன. நினைவுச்சின்னங்களுக்கு அவை பொருத்தமானவை. என் ரசனைக்கு மின்ரயில்தான் மேல்.

1983இல் ராணுவ அழைப்பு வந்தது. ஆப்கானிஸ்தான் போர் நடந்துகொண்டிருந்த காலம். பலர் தேடிய அதே வழியை அவரும் தேடினார்: பிரியாஷ்கா ஆற்றங்கரை மனநல மருத்துவமனையில் ஒன்றரை மாதம் போலப் படுத்திருந்து, சேவைக்குத் தகுதியற்றவர் என்ற சான்றோடு வெளியே வந்தார். மனைவி மரியானா பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்புகளில் இந்த நாள்கள் விரிவாக வருகின்றன. வெளியே வந்தபோது அவர் மிகவும் மெலிந்து, சொல்லொடுங்கிப்போயிருந்தார் என்கிறார் மரியானா.

ரீபின் பிரிந்துபோனார். யூரி கஸ்பரியான் வந்தார், செல்லோ படித்தவர். கிட்டாரில் வேகம் காட்டுவதைவிட ஒரு சுரத்தை எங்கே நிறுத்துவது என்பதில்தான் அவருக்கு அக்கறை. டிரம்ஸுக்கு வந்த கியோர்கி குரியானோவ் ஓவியர், நின்றுகொண்டே வாசிப்பார். பேஸ் கிட்டாரில் முதலில் அலெக்சாந்தர் தித்தோவ், பிறகு ஜாஸ்-ராக் பின்னணியிலிருந்து இகோர் திகொமிரோவ். இவர்களோடுதான் கினோ முழுமையான போஸ்ட்-பங்க் குழுவானது. 1984இல் ராக் கிளப்பின் இரண்டாம் விழாவில் பரிசும் கிடைத்தது.

ஜோவானா ஸ்டிங்ரே என்ற அமெரிக்கப் பாடகி 1984 முதல் லெனின்கிராடுக்கு வந்துபோனார். எல்லைச் சோதனையைத் தாண்டி அவர் கொண்டுபோன டேப்களிலிருந்து 1986இல் அமெரிக்காவில் 'ரெட் வேவ்' என்ற இரட்டை இசைத்தட்டு வெளிவந்தது. அக்வேரியம், கினோ, அலிசா, ஸ்த்ரான்னியே இக்ரி என்று நான்கு குழுக்கள், ஆளுக்கு ஒரு பக்கம். ஸ்டிங்ரே கஸ்பரியானை 1987இல் மணந்துகொண்டார். அவர் கொண்டுவந்த பொருள்களில் ஒன்று யமாஹாவின் நான்கு தடக் கேசட் பதிவுக்கருவி. சிறிய பெட்டிதான். ஆனால் அது வந்த பிறகு திரொபில்லோவின் கூடத்துக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 1987இல் குரியானோவின் வீட்டிலேயே உட்கார்ந்து, டிரம் மெஷினைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 'இரத்த வகை' ஆல்பத்தைப் பதிவுசெய்தார்கள். அது 1988இல் வெளிவந்தது.

அந்த ஆல்பத்தைக் கேட்டால் முதலில் தட்டுப்படுவது வெற்றிடம். நான்கு தடத்தில் நெருக்கியடிக்க இடமில்லை; நெருக்கியடிக்கும் ஆசையும் அவர்களுக்கு இல்லை. தாளம் ஒரே சீராகப் போகிறது. பேஸ் ஒரே உருவைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. கஸ்பரியானின் கிட்டார் பாட்டுக்குள் நுழையாமல் அதன் ஓரமாக நடக்கிறது. நடுவில் சோயின் குரல்: தாழ்ந்த பாரிடோன், நடுக்கமோ கமகமோ இல்லை, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு நேராக இறங்கும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அவர் இழுப்பதில்லை, அப்படியே வைத்துவிட்டு நகர்கிறார். சோவியத் மேடைப் பாடகர்கள் மார்பை விரித்துப் பாடிய காலத்தில் இது பேச்சைவிடக் குறைவான ஒன்றாகக் கேட்டிருக்கும். 'இரத்த வகை' என்ற தலைப்பைக் கேட்டதுமே ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பியவர்கள் அது தங்கள் பாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். பாட்டில் ஆப்கானிஸ்தானின் பெயர் இல்லை. எந்த நாட்டின் பெயரும் இல்லை.

*

பெயரில்லாத இந்த இடைவெளிதான் 'மாற்றம் வேண்டும்' பாட்டையும் உருவாக்கியது, சிக்கலிலும் மாட்டியது.

அந்தப் பாட்டு முதன்முதலில் 1986 மே 31 அன்று ராக் கிளப்பின் நான்காம் விழாவில் பாடப்பட்டது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் கட்சியின் 27ஆம் மாநாட்டில் கோர்பச்சேவ் தீவிரச் சீர்திருத்தம் பற்றிப் பேசியிருந்தார். அப்படியானால் மாற்றம் என்ற சொல்லை அப்போது நாட்டிலேயே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது யார்? அரசுதான். பாட்டின் உள்ளே போனால் ஆட்சியும் இல்லை, கட்சியும் இல்லை; ஒரு சமையலறை இருக்கிறது, அதில் உட்கார்ந்திருக்கும் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் ஒரு தயக்கமும் இருக்கிறது. மாறுவதற்குப் பயப்படுகிறவர்களின் பாட்டாகவும் அதைக் கேட்க முடியும். நாளிதழ்க் கட்டுரைபோலத் தன் பாட்டை வாசிப்பதைச் சோய் பேட்டிகளில் மறுத்தார். பெரெஸ்த்ரொய்கா எனப்பட்ட அந்தச் சீர்திருத்தத்துக்காக எழுதிய பாட்டு இல்லை என்றார். யாரும் காது கொடுக்கவில்லை.

காது கொடுக்காததற்குச் செர்கேய் சொலொவியோவின் 'அஸ்ஸா' திரைப்படமும் ஒரு காரணம். 1987இல் எடுக்கப்பட்டு 1988 வசந்தத்தில் திரைக்கு வந்த மோஸ்ஃபிலிம் தயாரிப்பு. பனிக்கால யால்தா நகரில் ஒரு கள்ளப்பணக் கும்பல்தலைவன், அவனுடைய இளம் காதலி, ஒரு பாட்டுக்காரப் பையன் என்று போகும் கதையின் முடிவில், அதுவரை படத்திலேயே இல்லாத சோய் ஒரு உணவகத்துக்குள் நுழைகிறார். வேலைக்கு எடுக்கும் அம்மையார் விதிமுறைகளை வாசிக்கத் தொடங்குகிறார். சோய் முழுவதும் கேட்காமலே எழுந்துபோய் மேடையேறிப் பாடுகிறார். காமிரா திரும்பும்போது உணவகம் மறைந்து, மாஸ்கோ கோர்க்கிப் பூங்காவின் திறந்தவெளி அரங்கில் இருட்டில் தீக்குச்சிகளோடு நிற்கும் பெருங்கூட்டம் தெரிகிறது. யுர்சாக் சொல்லும் அலட்சியத்தை இதைவிடத் துல்லியமாகப் படமாக்க முடியாது. விதியை எதிர்த்து ஒரு சொல் இல்லை; கேட்காமல் போய்விடுகிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த அலட்சியத்துக்குப் பின்னால் ஓர் அரசு நிறுவனம் பல்லாயிரம் பேரைக் கூட்டி நிறுத்தியிருக்கிறது.

அதே காலத்தில் கசாக்ஃபிலிமில் ரஷித் நுக்மானோவ் எடுத்த 'ஊசி' அவரை நடிகராகவும் ஆக்கியது. அல்மா-ஆத்தாவுக்குத் திரும்பும் மோரோ, மார்ஃபினுக்கு அடிமையான தன் தோழியைக் காப்பாற்றப் பார்க்கிறான். வற்றிக்கொண்டிருந்த ஆரல் கடலுக்கு அழைத்துப்போகிறான். போதைமருந்து விற்கும் மருத்துவராக இன்னொரு போஸ்ட்-பங்க் பாடகரான பியோத்தர் மமோனொவ் வருகிறார். நடிப்பில் சோயைவிட அவர்தான் மிரட்டுகிறார். சோய் நடிக்கவில்லை, நடந்தார். புரூஸ் லீயின் மீதான பற்றில் பழகிய அசைவுகள் சண்டைக் காட்சிகளில் உதவின. 'சோவியத் திரை' இதழின் வாசகர்கள் அவரை 1989இன் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

1988 தொடக்கத்தில் கொதிகலன் அறையை விட்டார். இதற்குப் பிறகான இரண்டரை ஆண்டு வேறொரு மனிதரின் வாழ்க்கைபோல இருக்கிறது. விளையாட்டு அரங்கங்கள், பிரான்ஸ், இத்தாலி, டென்மார்க், அமெரிக்காவில் 'ஊசி' திரையிடல். 1989 இறுதியிலிருந்து மேலாளர் யூரி ஐசென்ஷ்பிஸ். அந்நியச் செலாவணி வியாபாரம் போன்ற குற்றங்களுக்காக மொத்தம் 17 ஆண்டு சிறையில் கழித்துவிட்டு வந்தவர். பழைய சட்டத்தில் குற்றவாளி, புதிய காலத்தில் தயாரிப்பாளர். ஒரே திறமைதான் இரண்டுக்கும் பயன்பட்டது. 1990 ஜூன் 24 அன்று மாஸ்கோவின் லுஷ்னிகி மைதானத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன் கினோ பாடியது. வீட்டுக் கூடத்தில் இருபது பேருக்குப் பாடிப் பழகிய குரல் அது. அரங்கம் பெரிதானபோது அவர் அசைவுகள் குறைந்தன; காணொளிகளில் தாடையை உயர்த்தி, ஒலிவாங்கியை விட்டு நகராமல் நிற்கிறார்.

1990 ஆகஸ்ட் 15 நண்பகலில், லாத்வியாவில் துக்கும்ஸ் அருகே அவர் ஓட்டிவந்த மாஸ்க்விச் கார் எதிரே வந்த இகாருஸ் பேருந்தில் மோதியது. மீன்பிடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். ஓட்டும்போது கண்ணயர்ந்திருக்கிறார் என்று விசாரணை முடிவுசெய்தது. வயது 28. ஆகஸ்ட் 19 அன்று லெனின்கிராடின் பொகொஸ்லொவ்ஸ்கொயே கல்லறையில் அடக்கம். சரியாக ஓராண்டு கழித்து, 1991 ஆகஸ்ட் 19இல், ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியில் மாஸ்கோவில் டாங்கிகள் இறங்கின. அந்த ஆண்டு முடிவதற்குள் சோவியத் ஒன்றியமே இல்லை.

அந்தக் கோடையில் லாத்வியக் கடற்கரைச் சிற்றூரான பிளியென்சியெம்ஸில் கஸ்பரியானுடன் சோய் பாடிவைத்திருந்த முன்பதிவின் மீது மற்றவர்கள் கருவிகளை வாசித்துச் சேர்க்க, 'கறுப்பு ஆல்பம்' 1990 டிசம்பரில் வந்தது. ஐசென்ஷ்பிஸ் அதை மெலோதியாவைச் சாராமல் வெளியிட்டார்.

*

சோவியத் ஒன்றியத்தில் 1991இல் வேலையின்மை சட்டப்படி ஏற்கப்பட்டது. வேலையில்லாமல் இருப்பது இனிக் குற்றமில்லை. ஆனால் வேலை இனி நிச்சயமும் இல்லை. ரூபிளின் மதிப்பு சரிந்தது. இரவுக் காவலாளியின் சம்பளத்தில் ஒருவன் நாள்கணக்கில் பாட்டு எழுதிக்கொண்டிருக்கக்கூடிய ஏற்பாடு முடிந்துபோனது. மைக் நவுமென்கோ, கினோவின் ஆரம்ப நாள்களில் சோய்க்கு அண்ணன்போல இருந்தவர், 1991 ஆகஸ்டில் இறந்தார். லெனின்கிராட் ராக் கிளப் தொண்ணூறுகளில் மங்கி மறைந்தது. நான் பழைய ஏற்பாட்டுக்கு ஏங்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே ஏற்பாட்டில்தான் ஒருவர் ராணுவத்தைத் தவிர்க்க மனநல மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. ஆனால் சுதந்திரம் வந்தால் கலை செழிக்கும் என்ற எளிய கணக்கு இந்தக் கதையில் செல்லுபடியாகவில்லை.

இறந்தவரோ வளர்ந்துகொண்டே போனார். மாஸ்கோவில் அர்பாத் அருகே ஒரு சுவர் அவர் பெயரில் எழுத்துகளால் நிரம்பியது. அவர் உயிரோடிருக்கிறார் என்ற சுவரெழுத்து நாடெங்கும் பரவியது. லெனினைப் பற்றிச் சொல்லிச் சொல்லித் தேய்ந்திருந்த அதே முழக்கம் இடம் மாறி வந்திருந்தது. அல்மாட்டி என்று பெயர் மாறிய அல்மா-ஆத்தாவில் 'ஊசி'யின் கடைசிக் காட்சி எடுத்த தெருவில் 2018இல் சிலை நின்றது. தென்கொரியாவில் யூன் தோ-ஹியுனின் குழு 1999இலேயே 'இரத்த வகை'யைக் கொரிய மொழியில் பாடியிருந்தது. 2019 ஜூலையில் லுஷ்னிகியில் மெட்டாலிகா அதே பாட்டை ரஷ்ய மொழியிலேயே வாசித்தபோது மைதானம் சேர்ந்து பாடியது.

சொந்தம் கொண்டாடியவர்களும் பல வகை. 2014இல் ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினர் யெவ்கேனி ஃபியோதரோவ், சோயின் பாட்டுகளைச் சிஐஏ எழுதிக்கொடுத்தது என்றார். நகைப்புக்குரிய பேச்சு, ஆனால் அதற்குள் ஒரு பயம் இருக்கிறது: நாட்டைக் கலைத்தது அந்த ஒரு பாட்டுதானோ என்ற பயம். கிரில் செரெப்ரென்னிகொவின் 'கோடை' படம் 2018இல் கான் போட்டிக்குப் போனபோது இயக்குநர் வீட்டுக்காவலில் இருந்தார். அதில் சோயாக நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த கொரியரான தியோ யூ. படத்தின் திரைக்கதையே பொய் என்று கிரெபென்ஷிகோவ் சீறினார்.

பெலாரஸில் 2020 அதிபர் தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, ஆகஸ்ட் 6 அன்று, மின்ஸ்க் பூங்கா ஒன்றில் நடந்த அரசு விழாவில் ஒலியமைப்பாளர்கள் இருவர் திடீரென 'மாற்றம் வேண்டும்' பாட்டை ஒலிக்கவிட்டார்கள். இருவருக்கும் பத்து நாள் சிறை. கைகளை உயர்த்தி நிற்கும் அவர்களுடைய உருவம் குடியிருப்பு முற்றம் ஒன்றின் சுவரில் ஓவியமானது. அதிகாரிகள் வெள்ளையடிக்க, மக்கள் மறுபடி வரைய, அது பல முறை தொடர்ந்தது. சோய் என்ன நினைத்து எழுதினாரோ, அந்தச் சுவரின் முன்னால் அது பொருட்டல்ல. வெற்றிடம் விட்டு எழுதியவருக்கு அதை நிரப்புகிறவர்கள் மீது புகார் சொல்ல உரிமை கிடையாது.

உயிரோடிருந்தவர்களுக்கு இந்தச் சௌகரியம் வாய்க்கவில்லை. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது அவரவர் தரப்பை அவரவர் சொல்ல வேண்டிவந்தது. போரை விமர்சித்த ராக் பாடகர் யூரி ஷெவ்சுக்குக்கு அபராதம். கிரெபென்ஷிகோவ் 2023இல் 'வெளிநாட்டு முகவர்' என்று அறிவிக்கப்பட்டார். சோய்க்கு அதே 2022 ஜனவரியில் மாஸ்கோவின் மானேஷ் கண்காட்சிக் கூடத்தில் 'நாயகனின் பாதை' என்ற தலைப்பில் பெரிய கண்காட்சி திறந்திருந்தது. அவர் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று ரஷ்யர்கள் இணையத்தில் ஓயாமல் சண்டையிடுகிறார்கள். 28 வயதில் இறந்தவரை அறுபது வயதில் கற்பனை செய்துகொண்டு நடக்கும் அந்தச் சண்டையில் அவரவர் முகம்தான் தெரிகிறது.

இசையாக அவர் எங்கே மிஞ்சியிருக்கிறார் என்று தேடினால் சிலைகளை விட்டுவிட்டு மறுபடி மின்ஸ்குக்குத்தான் போக வேண்டும். அங்கே 2017இல் இளைஞர்கள் தொடங்கிய 'மல்சாத் தமா' குழுவின் 'சூத்னா' என்ற பாட்டு 2020இல் டிக்டாக்கில் உலகமெங்கும் பரவியது. 2001இல் இறந்த ரஷ்யக் கவிஞர் பாரிஸ் ரீஷியின் கவிதைக்கு மெட்டமைத்தது அது. கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு ரஷ்ய மொழி தெரியாது. டிரம் மெஷின், முன்னால் நிற்கும் பேஸ், உணர்ச்சி காட்ட மறுக்கும் பாரிடோன் என்று எல்லாம் கினோவின் பொருள்கள்தான். ஆனால் லுஷ்னிகியில் தாடையை உயர்த்தி நின்ற நாயகன் அந்த இசையில் இல்லை. அவர்கள் எடுத்துக்கொண்டது '45'இன் சோயை: டிரம்மர் இல்லாததால் டிரம் மெஷினை வைத்துக்கொண்டு, மின்ரயிலைப் பற்றியும் சோம்பலைப் பற்றியும் பாடிய பையனை.